உம்மு சல்மா அறுத்த ராணி அறைகள்

சுண்ணாம்புக் கம்பம் என்கிற குடியிருப்பில் உம்மு சல்மாவிடம் தேன் கேட்டுப் போகிறவர்கள் முதலில் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் தேன் கிடைக்கும். "குப்பியைக் காய வச்சுக் கொண்டாந்தியா? ஈரக் குப்பியில ஊத்தினா புளிச்சுப் போயிரும். அப்புறம் அவ தேன் கெட்ட தேன்னு பசார் முழுக்கச் சொல்லுவே" என்பாள். குழந்தையின் நாக்கில் தடவவும் தீராத இருமலுக்கும் அவளுடைய தேன்தான் வேண்டும் என்று கம்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செராங்கூன் சாலையில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. டன்லப் தெருவில் புதிய பள்ளிவாசலுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

வீடு சிறியது. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, பின்னால் அடுப்படி. அதற்கும் பின்னால் கிணறும் ஒரு ஜம்பு மரமும் உள்ள கொல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எருமைக் கொட்டகை. மழை பெய்தால் சாணிச் சேறு வாசல்வரை வந்துவிடும். ஆனாலும் அது அவளுடைய வீடு, அவள் பேரில் இருந்த வீடு. அவளுடைய வாப்பா கீழக்கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே ஒரு மலாய்க்காரப் பெண்ணை நிக்காஹ் செய்தவர். சாப்பாட்டையும் உடுப்பையும் மனைவியின் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுத்த அந்த மனிதர், ஊர் வழக்கம் ஒன்றை மட்டும் விடவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வான். வசதியுள்ளவர்கள் மகளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிவிடுவார்கள். இல்லாதவர்கள் தாங்கள் இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

உம்மு சல்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது வாப்பா உயிரோடு இல்லை. உம்மாதான் வீட்டை எழுதிக் கொடுத்தாள். மருமகன் புழங்குகிற வீட்டில் மாமியார் எதிரே வந்து நிற்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. இருந்ததோ ஒரே உள்ளறை. அதனால் நிக்காஹ் முடிந்த கையோடு உம்மா ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோச்சோர் கால்வாய் ஓரத்து வாடகை அறைக்குப் போனாள். புதுப்பெண்ணாக இருந்த உம்மு சல்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். அங்கே எப்படி இருக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அடுத்து வந்த அடைமழையில் உம்மா அந்த அறையில் தனியாகவே இறந்துபோனாள். பக்கத்து அறைக்காரர்கள் ஆள் அனுப்பித்தான் மகளுக்குச் செய்தி தெரிந்தது. பிற்பாடு உம்மு சல்மாவுக்கு ஒரு பெண் பிறந்து, பதுருன்னிசா என்று பேர் வைத்தபோது, சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு பயமும் அவளைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கல்யாணம் ஆகும். அன்றைக்கு மூட்டையைத் தூக்க வேண்டியவள் தான்தான்.

தேனீ அவள் கணவன் அப்துல் முத்தலிபின் வழியாக வந்தது. அவர் தோங்காங் படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. கொல்லையில் போட்டிருந்த காலி மண்ணெண்ணெய்ப் பெட்டிக்குள் ஒரு நாள் தேனீக் கூட்டம் ஒன்று தானாகவே வந்து குடியேறியது. விரட்டுங்கள் என்றாள் மனைவி. அவர் விரட்டவில்லை. கம்போங் ஜாவாவில் தென்னந்தடியில் தேனீ வளர்த்த ஜாவாக்காரர் ஒருவரிடம் போய் விஷயம் கேட்டுக்கொண்டு வந்து, பெட்டியின் வாயில் வரிசையாக மூங்கில் சட்டங்களை வைத்து மூடினார். சட்டத்துக்கு ஓர் அடை என்று தேனீ கட்டிக்கொண்டது. சட்டத்தைத் தூக்கினால் அடையும் கூடவே வரும். உள்ளே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். வேண்டாம் என்றவளே நாளடைவில் முகத்துக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரோடு சேர்ந்து குனிந்து பார்க்கலானாள்.

ஒரு தடவை அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோல நீளமாக ஏதோ தொங்குவதைக் கண்டு என்னவென்று கேட்டாள்.

"ராணி அறை. இதுக்குள்ள புது ராணி வளருது. அறையை மூடினதும் பழைய ராணி பாதி ஈயைக் கூட்டிக்கிட்டுப் பறந்துரும்."

"மக போகாதா? பெத்தவளா போவா?"

"பெத்தவதான் போவா. கூடு, தேனு எல்லாம் மகளுக்கு. உங்க வாப்பா ஊரு வழக்கத்தைத்தான் இதுங்களும் வச்சிருக்கு" என்று சொல்லி அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அறுத்துப் போடுங்க" என்றாள். அவர் சின்னக் கத்தியால் அந்த அறைகளை அறுத்துப் போட்டார். கூட்டம் பிரியாமல் நின்றது. அந்த வருஷம் தேனும் நிறையக் கிடைத்தது. பிறகு ஒரு காய்ச்சலில் அப்துல் முத்தலிப் போய்விட்டார். விதவை வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்து வெளியே வந்த உம்மு சல்மா முதலில் செய்த வேலை, தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டுப் பெட்டியைத் திறந்ததுதான். அன்றுமுதல் கத்தி அவள் கைக்கு வந்தது.

தேனைத் தவிர அவளுக்குத் தொழில் தொப்பி தைப்பது. கம்போங் கிளாமில் ஒரு கடைக்கு வெள்ளைத் தொப்பிகளில் பூ வேலை செய்து கொடுப்பாள். பதுருன்னிசாவும் கூட உட்கார்ந்து தைப்பாள். அதிகம் பேசாத பெண். தாயின் வாய்க்கும் சேர்த்து அவள் அடக்கமாக இருக்கிறாள் என்று கம்பத்தில் சொல்வார்கள். ஜம்பு பூத்து, தென்னம்பாளைகள் விரிந்து, பெட்டியில் ஈ நிரம்பி வழியும் காலம் வந்தால் தாயும் மகளும் வாரந்தோறும் பெட்டியைத் திறப்பார்கள். மகள் மட்டையை ஊதிப் புகை பிடிப்பாள். தாய் ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி, விளிம்பு விளிம்பாகத் தேடி, கண்ணில் பட்ட ராணி அறையையெல்லாம் அறுத்து எறிவாள். ஒன்று விட்டுப்போனாலும் கூட்டம் கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை.

பெண் கேட்டு வந்தவர்களும் அவளிடமிருந்து தப்பியதில்லை. ஒரு மாப்பிள்ளை சுருட்டுப் பிடிக்கிறான் என்று தட்டிக்கழித்தாள். இன்னொருவன் கப்பல் வேலைக்காரன், என்றைக்கு எந்தக் கரையில் இருப்பானோ என்றாள். மூன்றாவது இடத்தில் குறை கண்டுபிடிக்கவே முடியாமல் போனபோது, பையனின் வாப்பா உரக்கத் தும்முகிறார் என்று சொல்லி அனுப்பினாள். கம்பமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பதுருன்னிசா சிரிக்கவில்லை. அவளோடு ஓதப் படித்த பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு வந்து தேன் வாங்கிப்போனார்கள்.

ரவூபுக்காக வந்து கேட்டது ஜரீனா மாமி. ரவூப் அவளுடைய கணவனின் தங்கை மகன்; மார்க்கெட் தெருவில் துணிக்கடையில் வேலை. சுருட்டு இல்லை, கப்பல் இல்லை, வாப்பா மவுத்தாகிவிட்டதால் தும்மலும் இல்லை. ஜரீனா மாமி நேராகவே பேசினாள். "எங்களுக்கு நகை நட்டு வேணாம். வழக்கப்படி இருக்க ஒரு வீடு, அவ்வளவுதான். உங்க வீடே போதும்லா."

உம்மு சல்மா முஹர்ரம் போகட்டும் என்றாள். முஹர்ரம் போனதும் ஸபர் மாதம் நல்லது இல்லை என்றாள். அடுத்து மௌலூது மாதம், ஓதல் வேலை இருக்கிறது என்றாள்.

அந்த வருஷம் ஜம்பு மரம் பூத்துக் கொட்டியது. பெட்டியைத் திறந்தால், ஒரு பக்கம் அறுத்துவிட்டு மறு பக்கம் திரும்புவதற்குள் தேனீ அடுத்த ராணி அறைக்கு அடி போட்டுவிடும்போல் இருந்தது. புகை பிடித்துக்கொண்டிருந்த பதுருன்னிசா தாயின் கத்தியையே பார்த்தபடி நின்றாள்.

"உம்மா, அதுங்க போகணும்னு நினைக்குது. நீங்க எதுக்குப் புடிச்சு வக்கிறீங்க?"

"போனா எங்க போவும்? மழையில நனைஞ்சு சாவும்."

"எல்லாமா சாவுது? அன்னைக்கு நம்ம பெட்டிக்கு வந்ததும் எங்கிருந்தோ கிளம்பி வந்ததுதானே?"

"வாயாடாம புகையைப் புடி."

பதுருன்னிசா கொஞ்ச நேரம் ஊதினாள். பிறகு மெதுவாக, "ஜரீனா மாமிக்குப் பதில் சொல்லுங்க உம்மா. எனக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு" என்றாள்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் வாயால் இதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உம்மு சல்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது. "என்னை வீட்டை விட்டுத் துரத்த உனக்கு அவ்வளவு அவசரமா?"

மகள் தன் கையிலிருந்த மட்டையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் புகை பிடிக்க வரவில்லை. சோறு போட்டாள், தொப்பி தைத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் தொப்பிக் கடைக்காரரின் தாயார் மவுத்தாகிவிட்டார். உம்மு சல்மா காலையில் கம்போங் கிளாமுக்குப் போய், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புவாள். மகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பால்காரர் மனைவி அன்னம்மா வந்து இருந்தாள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

மரண வீட்டு வேலை ஓய்ந்ததும் உம்மு சல்மா தனியாகவே புகை போட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஒரு கையில் மட்டை, ஒரு கையில் கத்தி, கண்ணெல்லாம் எரிச்சல். நடுச் சட்டத்தைத் தூக்கினாள். கீழ் விளிம்பு முழுக்க ராணி அறைகள், எல்லாம் மூடியவை. சிலவற்றில் நுனி மெழுகைத் தேனீயே சுரண்டி எடுத்திருந்தது; உள்ளே இருக்கிற பழுப்புக் கூடு வெளியே தெரிந்தது. இன்றோ நாளையோ புது ராணி வெளிவரப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. நல்ல வேளை, சரியான நேரத்தில் வந்தோம் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் அறுத்தாள். அறுத்ததில் ஒன்று பிளந்து, இறகு முளைத்த வெளுத்த ராணி ஒன்று மண்ணில் விழுந்து காலை அசைத்தது. அதைக் காலால் தள்ளிவிட்டாள். ஈ கொஞ்சம் குறைந்திருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. வெயில் நேரம், மேயப் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பழைய ராணி உள்ளே இருந்தால் அறைகளில் புது முட்டை இருக்கும்; இருக்கிறதா என்று அடையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது வழக்கம். கண் எரிந்ததால் அன்றைக்கு அதையும் பார்க்காமல் மூடிவிட்டாள்.

அதற்கப்புறம் பெட்டியில் புது ராணி அறை எதுவும் வரவில்லை. தேனீக்கு ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது என்று உம்மு சல்மா நினைத்தாள். ஆனால் பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமான ரீங்காரம் இல்லை, ஒரு முனகல். நாளாக ஆக ஈயெல்லாம் மயிர் உதிர்ந்து கறுத்து மினுமினுத்தது. இளம் ஈ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு நாள் அடையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரே அறைக்குள் தாறுமாறாக நாலைந்து முட்டைகள். ராணி அப்படி இடாது. ராணி இல்லாத கூட்டில் வேலைக்கார ஈக்கள் ஏக்கத்தில் இடுகிற முட்டைகள் அவை. அதிலிருந்து உதவாத ஆண் ஈதான் பிறக்கும். கீழ்ச் சட்டங்களில் அந்துப்பூச்சி நூலாம்படை பின்னத் தொடங்கியிருந்தது.

பழைய ராணி எங்கே போயிற்று? செத்திருக்குமோ என்று அவள் பெட்டியடியில் தேடிக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அன்னம்மா பார்த்தாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"ராணியைக் காணோம் அன்னம்மா."

"அது அன்னைக்கே போயிடுச்சே! நீங்க சாவு வீட்டுக்குப் போயிருந்தப்போ எங்க முருங்கையில கொத்தா வந்து குந்தியிருந்துச்சு. மத்தியானமா கால்வாய்ப் பக்கம் பறந்துபோச்சு. பதுரு பாத்துக்கிட்டுத்தான் நின்னுச்சு. சொல்லலையா?"

உம்மு சல்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். பதுருன்னிசா முன்னறையில் உட்கார்ந்து தொப்பி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஈ கிளம்பிப் போனதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

ஊசியை நிறுத்தாமலே மகள் சொன்னாள். "சொன்னா ஓடிப்போய்ப் புடிச்சுக்கிட்டு வந்துருவீங்க. இந்த வீட்டுல இருந்து ஒண்ணாச்சும் போகட்டும்னு இருந்தேன்." அதற்குமேல் ஊசி நகரவில்லை. "பெட்டிக்குள்ள மிச்சம் வச்சுட்டுப் போனதையும் நீங்க அறுத்துப் போடுவீங்கன்னு எனக்கு அப்பத் தோணல உம்மா. தோணியிருந்தா சொல்லியிருப்பேன்."

தேனீயைப் பார்த்துத்தான் உம்மு சல்மாவுக்குப் புத்தி வந்தது என்று பிற்பாடு கம்பத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொன்னவர்கள்மேல் அவள் எரிந்து விழுந்தாள். அவளைச் சுட்டது தேனீ இல்லை. ஒண்ணாச்சும் போகட்டும் என்று சொன்னபோது மகள் குரலில் கோபமே இல்லை. எல்லாம் முடிந்துபோனவள்போல் சொன்னாள். வயசாகிக் கண் மங்கி, தனக்குப் பக்கத்தில் இதே பாயில் உட்கார்ந்து யார் யாருக்கோ தொப்பி தைத்துக்கொண்டிருக்கிற பதுருன்னிசாவை உம்மு சல்மா அப்போது மனக்கண்ணில் கண்டாள். தன் பயத்துக்குத் தன் பிள்ளையைப் பலி கொடுக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதாள். பெட்டியைக் கழற்றி, செத்த அடைகளை அன்றே புதைத்தாள். மறுநாள் நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு முக்காடு போட்டுக்கொண்டு ஜரீனா மாமி வீட்டுக்குக் கிளம்பினாள். பெண்ணைப் பெற்றவள் தானாகப் படியேறிப் போவது கௌரவக் குறைவு. அதை நினைத்தால் கால் நின்றுவிடும் என்று வேகமாக நடந்தாள்.

ஜரீனா மாமி உட்காரச் சொல்லவில்லை. "மாசக்கணக்கா எங்களை வாசல்ல நிக்க வச்சீங்க. இப்ப ஊருல ஒரு இடம் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

ஊரையே அதட்டுகிற உம்மு சல்மாவுக்கு அங்கே குரல் எழும்பவில்லை. "என் மேலதான் தப்பு ராத்தா. என் மகமேல ஒண்ணும் இல்ல. வீட்டை நாளைக்கே எழுதிக் குடுக்குறேன். நான் அங்க இருக்க மாட்டேன். கோபத்தை என்கிட்ட காட்டுங்க, அவளை வேணாம்னு சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜரீனா மாமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஊரு இடத்துக்கு ரவூப் இன்னும் சரின்னு சொல்லல. நாங்களும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டோம். உங்க வீட்டுல இருந்து தேன் வந்தா மட்டும் குப்பியை யாரையும் தொட விடமாட்டான்" என்றாள். சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் போட்டாள்.

நிக்காஹ் அடுத்த மாதமே நடந்தது. பழைய பள்ளிவாசலில் ஓதினார்கள். அன்னம்மா வீட்டுப் பாலில் பாயசம் காய்ச்சினார்கள். வீடு பதுருன்னிசா பேருக்கு மாறியது. தாய் மூட்டை கட்டும்போது பதுருன்னிசா அதைப் பிடித்து இழுத்தாள்.

"அடுப்படியில ஒரு ஓரமா இருங்க உம்மா. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவர் சொல்ல மாட்டார். நான் சொல்லுவேன். என் வாய் உனக்குத் தெரியாதா? உப்பு கூடிப்போச்சு, கதவை ஏன் சாத்தலன்னு நாள் பூரா கத்திக்கிட்டு இருப்பேன். உன்னை இந்த வீட்டுக்காரியா ஆகவே விடமாட்டேன்."

தொப்பிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. பதுருன்னிசா கூடவே வந்து அறையைக் கூட்டி, அடுப்புக் கல் வைத்து, குடத்தில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் போனாள். புது இடத்தில் முதல் சில நாள் உம்மு சல்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. கடைக்காரரின் மனைவியை அதட்டத் தொடங்கியதும் இடம் பழகிவிட்டது. தேன் கேட்டு அங்கேயும் ஆள் வந்தார்கள். இல்லை என்று அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் பெட்டி வைக்கவே இல்லை.

மகளைப் பார்க்கவும் அவள் அவசரப்படவில்லை. மகள் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ரவூப் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினாள். சுண்ணாம்புக் கம்பத்தில் எருமைகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. வீட்டு வாசல்படியில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. அந்தக் கதவு ஓர் ஓரமாக மேலே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அவள் கை தன்னால் அதைத் தூக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். படியை விட்டு இறங்கித் தெருவில் நின்று முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் இல்லை. கொல்லையில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. அடுத்தவர் வீட்டு வாசலில் மூன்று முறை ஸலாம் சொல்லலாம். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். அவள் இரண்டாவது முறை சொன்னாள். துவைக்கிற சத்தம் நிற்கவில்லை. போகிற வருகிறவர்கள் அவளை வேடிக்கை பார்த்தார்கள். வெயில் சுட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது முறை கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

உள்ளே ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவைத் தூக்கித் திறந்த பதுருன்னிசாவின் முழங்கைவரை சோப்பு நுரை.

"உம்மாவா! கதவு சும்மாதானே சாத்தியிருக்கு? உள்ள வர வேண்டியதுதானே? நீங்க எதுக்கு வெயில்ல நின்னு, உங்க வீட்டுக்கு நீங்களே ஸலாம்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"உன் வீடும்மா. நீ கூப்பிட்டாத்தானே நான் வரலாம்."

பதுருன்னிசா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய் தெருவிலேயே நின்றாள். ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை. கடைசியில் மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து நின்று, கதவை முழுசாகத் திறந்து வைத்தாள்.

"வஅலைக்குமுஸ் ஸலாம். வாங்க உம்மா, உள்ள வாங்க."